இராமெனும் மதிப்பெண்ணும்

உண்டியை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுதல் கல்லூரி மாணாக்கர்க்குத் தகுமோ என ஐயுறுவார் சிலர் இருப்பர். தொல்காப்பியர் நிலங்களுக்குரிய கருப்பொருள்களை எண்ணப் புகுந்தவிடத்துத் தெய்வத்தை அடுத்து உணாவையே வைத்தனர் என்பதை அவர்க்கு நினைவூட்டி மேற்செல்வோம். ஒரு நாட்டார் எதனை உண்கின்றனர் என்பது மட்டுமன்று, எதனை நல்லுண்டி எனக் கொள்கின்றனர், அந்நன்மையை எவ்வாறு அளக்கின்றனர் என்பனவும் அறியத்தக்கனவே. ஜப்பான் நாட்டில் இவ்வளத்தல் தொழில் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கின்றது. இராமென் என்னும் எளிய உண்டியை விற்கும் சிறு கடைகளை அந்நாட்டார் ஊர்தோறும் தேடிச் சென்று, உண்டு, மதிப்பெண் இட்டு, குறித்து வைக்கின்றனர். ஓய்வுநாள் முழுவதையும் இதற்கென்றே ஒதுக்குவாரும் பலர். அவர் இடும் எண் நேர்மையுடையதாதல் எவ்வாறு என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வுண்டியின் வரலாற்றை முதற்கண் சுருங்கக் கூறுவோம். இராமென் ஜப்பானியரின் தொன்மையுண்டி அன்று. 1859-ஆம் ஆண்டு முதலாக யோக்கோஹாமா, நாகசாக்கி, கோபெ முதலிய துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அயல்நாட்டு வாணிகத்துக்குத் திறக்கப்பட்டன. ஆங்குக் குடியேறிய சீனர் தம் நாட்டுக் கோதுமை இழையுணவையும் உடன்கொணர்ந்தனர். யோக்கோஹாமாச் சுங்கச்சாலையிற் பணிபுரிந்த ஒஸாக்கி கான்இச்சி என்பார் 1910-இல் டோக்கியோவின் அசாகுசாப் பகுதியில் ராய்ராய்கென் என்னும் கடையைத் திறந்து, சீனச் சமையற்காரரை அமர்த்தி, நகரத் தொழிலாளர்க்கு இதனை விற்றார். இரண்டாம் உலகப்போரின் பின்னர் அரிசி அரிதாயிற்று. அமெரிக்கக் கோதுமை வந்திறங்கிற்று. கள்ளச்சந்தைகளிலும் தெருவோரத் தள்ளுவண்டிகளிலும் இராமென் பசித்தார்க்குக் கஞ்சியாயிற்று. ஒஸாக்காவில் அத்தகைய வண்டியொன்றின் முன்னர்க் குளிரில் நின்ற மக்கள் வரிசை தம் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை என அந்தோ மோமோஃபுக்கு பின்னாளிற் கூறினார். 1958-இல் உடனடி இராமெனைச் செய்து விற்ற அவராலேயே இன்று நம் வீட்டுச் சிறுவர் விரும்பும் பொட்டல நூடுல்ஸ் உலகிற் பரவிற்று. ஆயினும் யாம் பேசப்போவது பொட்டலத்தைப் பற்றியன்று, கடையைப் பற்றியே.

ஒரு கிண்ண இராமென் ஐந்து உறுப்புடையது. எலும்பையும் மீனையும் காய்களையும் நெடுநேரம் கொதிக்கவைத்து இறுத்த சாறு ஒன்று. அச்சாற்றுக்கு உப்பும் உரனும் தருவதாய்க் கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றப்படும் தாரெ என்னும் செறிந்த கூட்டு ஒன்று. கோதுமை இழை ஒன்று. மணத்தின்பொருட்டு விடும் எண்ணெயோ கொழுப்போ ஒன்று. மேலே அடுக்கும் பன்றியிறைச்சித் துண்டு, மூங்கிற்குருத்து, வெங்காயத்தாள், கடற்பாசித் தாள் முதலியன ஒன்று. சாற்றிற் சேரும் கட்சுவோபுஷி என்பது சூரை மீனை அவித்துப் புகையூட்டி மரக்கட்டைபோல் இறுகுமாறு உலர்த்தியது. நம் தென்கடற்கரையார் மாசி என வழங்கும் கருவாட்டுக்கு இதனை உறவு என்னலாம். நிபோஷி என்பதோ நெத்திலிக் கருவாடே. இழைக்குரிய மாவைப் பிசையுங்கால் சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கார்பனேட்டு உப்புக்கள் கலந்த கான்சுயி என்னும் காரநீரைச் சேர்ப்பர். இழைக்கு மஞ்சள் நிறமும், பல்லுக்கு இணங்கியும் இணங்காமலும் துள்ளுகின்ற தன்மையும் வருவது இதனாலேயே. நம்மவர் அப்பள மாவிற் சேர்க்கும் அப்பளக்காரமும் இவ்வினத்ததே.

இராமென் ஷோயு, ஷியோ, மிசோ, தொன்கோட்சு என நான்கு வகைப்படும் என்று பலரும் எழுதுவர். இலக்கணம் பயின்றார்க்கு இப்பகுப்பு உடனே இடறும். ஷோயு என்பது சோயா அவரையைப் புளிக்கவைத்து வடித்த கருஞ்சாறு. ஷியோ என்பது உப்பு. மிசோ என்பது புளித்த சோயா விழுது. இம்மூன்றும் தாரெயின் பெயர்கள். தொன்கோட்சு என்பதோ பன்றியெலும்பு. அது சாற்றின் பெயர். பன்றியெலும்புச் சாற்றில் ஷோயுத் தாரெ கலத்தலும் உண்டு, மிசோத் தாரெ கலத்தலும் உண்டு. சொல்லைப் பெயர்ச்சொல், வினைச்சொல், இடைச்சொல், நான்கெழுத்துச்சொல் எனப் பகுப்பான் ஒருவனை நம் ஆசிரியர் என்செய்வாரோ, அறியோம். இதனை வீண் குற்றங்காண்டல் எனக் கருதற்க. மதிப்பெண் இடுவான் எதனை எதனோடு ஒப்பிடல் வேண்டும் என்பது பகுப்பிலேயே அடங்கியிருக்கின்றது. பகுப்புப் பிழைத்தால் ஒப்பீடும் பிழைக்கும்.

எனவே வகையினும் நிலமே சிறந்த பகுப்பு என்பது எம் கருத்து. வடகோடித் தீவாகிய ஹொக்கைதோவின் தலைநகர் சப்போரோவில் மாரிக்காலம் நீண்டது, பனி மிகுந்தது. 1950-களில் அந்நகரின் அஜி நோ சன்பெய் என்னும் கடையில் ஒமியா மோரித்தோ என்பார் மிசோ இராமெனை ஆக்கினார். அந்நகரத்துக் கிண்ணத்திற் சாற்றின்மேற் பன்றிக்கொழுப்பு ஓர் ஆடைபோற் படர்ந்து, சூடு வெளியேறாவண்ணம் காக்கும். இழை பருமனாய், மஞ்சளாய், சுருண்டிருக்கும். தெற்கே கியூஷூத் தீவிலுள்ள ஃபுக்குவோக்கா நகரின் ஹக்காத்தாப் பகுதிக்குச் சென்றாலோ முற்றும் வேறு. ஆங்குப் பன்றியெலும்பை மூர்க்கமாகக் கொதிக்கவைத்து, மச்சையும் கொழுப்பும் நீரிற் கரைந்து பால்போல் வெளுக்குமாறு செய்வர். இழை மெல்லியது, நேரியது, விரைவில் வேகுவது. ஆதலின் விரைவிற் குழைவதும் ஆம். நாகஹாமா மீன்சந்தையில் விடியற்காலையில் உழைப்பார்க்கு நின்று காத்திருக்கப் பொழுதில்லை. அவர்பொருட்டு, கிண்ணத்திற் சிறிதளவே இழையிட்டுக் கொடுத்து, அது தீர்ந்தபின் எஞ்சிய சாற்றில் மறுபடியும் வெந்த இழையை இடும் வழக்கம் எழுந்தது. இதற்குக் காயெதாமா என்று பெயர். முதற்கண்ணே முழுதும் இட்டால் பாதி உண்பதற்குள் மீதி குழைந்துவிடும் அன்றோ? ஆதலின் ஹக்காத்தாக் கிண்ணத்தில் இழை குறைவு என்று மதிப்பெண்ணைக் குறைப்பான், அவ்வுண்டியின் இலக்கணம் அறியாதவனே.

இன்னும் ஒன்று கூறுதற்குரியது. ஃபுக்குஷிமா மாநிலத்தில் கித்தாக்காத்தா என்னும் சிறு நகர் உளது. 1920-களிற் சீனத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கிய இழையுணவு, பின்னர் அவ்வூர்க்கே உரிய உண்டியாயிற்று. அவ்வூரின் பழைய பண்டசாலைக் கட்டடங்களைக் காணவும் படம்பிடிக்கவும் 1970-களில் வரத் தொடங்கிய பயணிகள், உண்டு சென்று, அதன் புகழை நாடெங்கும் பரப்பினர். கித்தாக்காத்தா இழை தட்டையானது, அகன்றது, நீர் மிகுதியாகப் பிசைந்தது, சாறு தெளிந்தது, பன்றியெலும்பும் நெத்திலிக் கருவாடும் தத்தம் குரலை அடக்கிப் பேசுவது. அவ்வூரார் இதனைக் காலையுணவாகவே உண்பர். டோக்கியோவின் செறிந்த, கொழுத்த சாறுகளுக்குப் பழகிய நாவுடையான் ஒருவன் ஆங்குச் சென்று உண்டு, ‘அழுத்தம் போதாது’ என எழுதிக் குறைந்த எண் இடுவானாயின், அவன் அளந்தது கிண்ணத்தையா, தன் பழக்கத்தையா? காலை ஏழு மணிக்குத் தொழிலுக்குச் செல்லுமுன் உண்ணும் உணவில் அழுத்தம் எதற்கு?

இனிக் கடையுட் புகும் முறையைக் காண்போம். பல கடைகளில் வாயிலிலேயே சீட்டுப் பொறி ஒன்று நிற்கும். காசிட்டு, விழைந்த உண்டியின் பொத்தானை அழுத்திச் சீட்டுப் பெற்று, உள்ளே சமையலிடத்தை அடுத்த நீண்ட பலகையின்முன் அமர்ந்து, சீட்டை நீட்டல் வேண்டும். ஹக்காத்தா முறைக் கடையாயின் இழையின் வேகுபதத்தைக் கேட்பர். ‘காத்தா’ என்றால் சற்றே விறைப்பு, ‘பாரிகாத்தா’ என்றால் மிகு விறைப்பு. கிண்ணம் வந்தவுடன் ஓசைபட உறிஞ்சி உண்ணுதல் ஆங்கு இழுக்கன்று. உறிஞ்சுங்கால் காற்றொடு கலந்து மணம் மூக்கை அடையும் என்பர். பேசிக்கொண்டு பொழுதுபோக்குதல் தகாது. பின்னே நிற்பாரின் பசி ஒருபுறமிருக்க, இழையும் காத்திராது. குழைந்துபோன இழையை ஜப்பானியர் ‘நீண்டுவிட்டது’ என்னும் பொருள்பட ‘நோபிரு’ என்ற வினையாற் குறிப்பர். இக்காலத்து மதிப்பீட்டாளர் சிலர் கிண்ணத்தை முன்னும் பின்னும் திருப்பிப் படமெடுத்து முடிப்பதற்குள் இழை நீண்டுவிடுகின்றது. பின்னர் ‘இழை குழைவு’ என்று எண்ணைக் குறைக்கின்றனர். சமைத்தான்மேல் இக்குற்றம் எங்ஙனம் சாரும்?

இதாமி ஜூஸோ என்பார் 1985-இல் எடுத்த தம்போப்போ என்னும் திரைப்படம் இத்துறையில் இன்பந்தரும் பாடநூல் எனலாம். நலிந்த இராமென் கடை நடத்தும் கைம்பெண் ஒருத்திக்குச் சுமையுந்து ஓட்டுநன் ஒருவன் துணைநின்று, பிற கடைகளுக்கு அவளை அழைத்துச்சென்று நோக்கக் கற்பிப்பதே அதன் கதை. சமையற்காரன் வீண் அசைவின்றித் தொழில் புரிகின்றானா, வந்தவரின் விருப்பத்தை நினைவில் வைத்துள்ளானா, உண்டவர் கிண்ணத்திற் சாறு எஞ்சுகின்றதா என இவற்றையே அவர்கள் நோக்குகின்றனர். நாவால் மட்டுமின்றிக் கண்ணாலும் மதிப்பிடும் முறை இஃது. சாறு எஞ்சாமை மட்டும் இக்காலத்து முழுச்சான்று ஆகாது. உப்பை அஞ்சி விட்டுவைப்பார் இப்பொழுது பலர்.

இனி எண்ணுக்கு வருவோம். 2005-இல் தொடங்கிய தாபெலோக் என்னும் இணையத்தளம் எல்லாவகை உணவகங்களையும் ஐந்துக்கு இத்தனை என அளக்கின்றது. இராமென் டேட்டாபேஸ் என்பது இராமென் கடைகளை மட்டும் நூற்றுக்கு இத்தனை என அளக்கின்றது. தாபெலோக்கில் 3.5 பெற்ற கடையே நற்கடையாக எண்ணப்படும் என்பதை அறியாத அயல்நாட்டார் ‘ஐந்துக்கு மூன்றரைதானா’ என இகழ்ந்து நீங்குவதுண்டு. மதிப்பெண் இடுவாரின் கைக்கு ஒவ்வோரிடத்து ஒவ்வொரு பழக்கம் உண்டென்பதைத் தேர்வெழுதும் எம்போன்றார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதின்று.

எண்ணின் குறை யாது என்பதற்கு ஜிரோ என்னும் கடையே தக்க எடுத்துக்காட்டு. 1968-இல் யாமாதா தாகுமி என்பார் தொடங்கிய இக்கடை பின்னர் டோக்கியோவின் மித்தாப் பகுதியில், கெய்யோ பல்கலைக்கழகத்தின் அருகே நிலைபெற்று, மாணவரின் பெருங்காதலுக்கு உரியதாயிற்று. பருத்த இழையின்மேல் அவித்த முளைப்பயறும் முட்டைக்கோசும் குன்றுபோற் குவிந்திருக்கும். பூண்டும் பன்றிக்கொழுப்பும் கேட்குமளவு கிடைக்கும். இதனை விரும்புவார் நூற்றுக்கு நூறு இடுவர். வெறுப்பார் ஒரு கவளத்துக்குமேல் உண்ணார். இருவர் எண்ணையும் கூட்டிப் பகுத்தால் நூற்றுக்கு ஐம்பது வரும். அவ்வைம்பதுக்குரிய கிண்ணம் உலகில் யாண்டும் இல்லை! அதனை உண்டாரும் இல்லை. சராசரி என்பது இவ்வாறு ஒருவர் நாவுக்கும் உரியதாகாது நிற்கின்றது. ஆயினும் கடையின் வாயிலில் எழுதப்படுவது அவ்வெண்ணே.

அவ்வெண்ணால் விளையும் பயனும் சிறிதன்று. டோக்கியோவின் சுகாமோப் பகுதியில் ஒனிஷி யூக்கி என்பார் நடத்திய த்சுத்தா என்னும் கடையில் ஒன்பது இருக்கைகளே இருந்தன. 2015 டிசம்பரில் வெளிவந்த மிஷெலின் வழிகாட்டி அதற்கு ஒரு விண்மீனை அளித்தது. உலகில் எந்த இராமென் கடையும் அதற்குமுன் அச்சிறப்பைப் பெற்றதில்லை. அதன்பின் காலையிலேயே வந்து, ஆயிரம் யென் முன்பணங் கட்டி, நேரங்குறித்த சீட்டைப் பெற்றுச்சென்று, குறித்த பொழுதில் மீண்டு வந்தாற்றான் உண்ணலாம் என்னும் நிலை உண்டாயிற்று. ஒன்பதின்மர் அமரும் பலகை ஒரு விண்மீனைப் பெற்றதனாற் பதினெண்மர்க்கு இடங்கொடுக்குமா? உழைக்கும் கை பெருகாமல் உண்ணும் வாய் மட்டும் பெருகிற்று. அக்கடை 2019-இல் வேறு பகுதிக்குப் பெயர்ந்தது. ஒனிஷி 2022-இல் நாற்பத்துமூன்றாம் அகவையிற் காலமானார்.

எண் உயர்ந்தாரின் இடர் அஃது. தாழ்ந்தாரின் இடர் வேறு. 2019 மே மாதம் தாபெலோக் தன் கணக்குமுறையை மாற்றியதனால் தன் கடைகளின் எண் இறங்கி வருவாய் குறைந்தது என இறைச்சியுணவகக் குழுமம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 2022 ஜூனில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அக்குழுமத்துக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. 2024 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அதனை மாற்றி, குழுமத்தின் வழக்கைத் தள்ளிற்று. பல கடைகளையுடைய குழுமம் நீதிமன்றம் ஏறலாம். கணவன் இழையை வேகவைக்க மனைவி கிண்ணங் கழுவும் எட்டிருக்கைக் கடை எங்ஙனம் ஏறும்? அன்றியும், இராமென் ஏழையுண்டியாய்ப் பிறந்தமையின், ஒரு கிண்ணத்துக்கு ஆயிரம் யென்னுக்குமேல் வாங்கலாகாது என்னும் எண்ணம் உண்பார் உள்ளத்தில் வேரூன்றியிருக்கின்றது. இதனை ‘ஆயிரம் யென் சுவர்’ என்பர். கோதுமையும் இறைச்சியும் எரிபொருளும் விலையேறியவிடத்தும் அச்சுவரைத் தாண்ட அஞ்சிய சிறுகடைகள் பல வீழ்ந்தன. 2024-இல் மட்டும் 70-க்கு மேற்பட்ட இராமென் கடைத் தொழில்கள் நொடித்தன எனத் தெய்கோக்கு டேட்டாபேங்க் நிறுவனம் கணக்கிட்டது. இந்நிலையில் ‘சுவை நன்று, விலை மிகுதி’ என ஒருவன் விளையாட்டாகக் குறைக்கும் அரை எண் ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொடுகின்றது.

இவ்வளவும் கூறியதனால் எண்ணே வேண்டா என்பது எம் கொள்கை என எண்ணற்க. எண் இல்லாத காலத்து, நிலையத்தின் எதிரே பெரிய ஒளிப்பலகை வைத்த கடைக்கே வழிப்போக்கர் சென்றனர். சந்துக்குள் மறைந்திருந்த நற்கடையைப் பிறர்க்குக் காட்டியது மதிப்பீட்டாளரின் குறிப்பேடே. இதனை மறுத்தல் நன்றிகோறலாகும். எம் கருத்து இவ்வளவே: எண்ணுக்குமுன் சொல் நிற்றல் வேண்டும். இக்கிண்ணம் எந்நிலத்தது, எதுவாக இருக்க முயல்கின்றது, அம்முயற்சியில் எவ்வளவு சென்றது என எழுதிய பின்னரே எண் இடுதல் தகும். கித்தாக்காத்தாவைக் கித்தாக்காத்தாவோடும் ஹக்காத்தாவை ஹக்காத்தாவோடும் ஒப்பிடுக. ஒருமுறை உண்டு எண் இடற்க. எலும்புச்சாறு நாளுக்கு நாள் வேறுபடும், மழைநாளில் மாவின் ஈரமும் வேறுபடும். மூன்று முறை செல்ல இயலாத பயணி, தான் ஒருமுறையே உண்டதை எழுதிவிடுக. வரிசையின் நீளத்துக்கு ஓர் எண்ணும் வேண்டா. நீண்ட வரிசை புகழைக் காட்டுமேயன்றிச் சுவையைக் காட்டாது. பல நிலங்களையும் ஒரே நாளில் ஒப்பிட்டு நாவைப் பயிற்ற விழைவார்க்கு 1994-இல் திறந்த ஷின் யோக்கோஹாமா இராமென் காட்சிச்சாலை உதவும். ஆங்குப் பல ஊர்க் கடைகள் ஒரே கூரையின்கீழ் உள்ளன. பலவற்றைச் சுவைக்க ஏதுவாகச் சிறு கிண்ணமும் கிடைக்கும்.

தாய்ஷோக்கென் என்னும் கடையின் செய்தியையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். யாமாகிஷி காசுவோ என்பார் 1955-இல் நாக்கானோக் கடையில், குளிர்ந்த இழையைத் தனியே வைத்துச் சூடான சாற்றில் தோய்த்துண்ணும் முறையை விற்பனைக்குக் கொணர்ந்தார். த்சுக்கெமென் என இன்று வழங்குவது இதுவே. உண்ண உண்ணச் சாறு ஆறுதல் அதன் இயல்பு. அதற்காகவும் எண்ணைக் குறைப்பார் உளர். 1961-இல் ஹிகாஷி இக்கெபுக்குரோவில் தம் கடையைத் திறந்த யாமாகிஷி, தம்மிடம் பயில வந்தார்க்குச் செய்முறையை ஒளியாது கற்பித்து, தம் கடைப்பெயரையும் வழங்கினார். நகரச் சீரமைப்பின்பொருட்டு 2007 மார்ச்சில் அக்கடை மூடப்பட்டபொழுது மக்கள் திரண்டு வந்து வரிசையில் நின்றனர். மறு ஆண்டு அருகிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அவர் 2015-இல் மறைந்தார். மாணாக்கர் கடைகள் நாடெங்கும் இருக்கின்றன, ஒரே பெயரைத் தாங்கியும் சாறு ஒன்றுபோல் ஒன்று இல்லை, மதிப்பெண்ணும் அவ்வாறே. அவற்றுள் எது ஆசிரியரின் கைச்சுவைக்கு அணித்து என்பது குறித்து, பழைய கடையில் உண்டார் இன்றும் தம்முள் வழக்காடுகின்றனர்.